‘ன்னா?’ என்று கேட்டவள்

யாராவது ஒரு சொல்லை அவள் முன்னால் வைத்துவிட்டால் போதும், அதன் வாலைப் பிடித்துக்கொள்வாள். வலிக்குது என்றால், “வலின்னா?” மயக்கமா வருது என்றால், “மயக்கம்னா? கண்ணு இருட்டுதா, தல சுத்துதா, வாந்தி பொரட்டுதா?” பேசத் தெம்பில்லாமல் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்பவரையும் விடமாட்டாள். கட்டிலைச் சுற்றிவந்து, திருப்பிய முகத்துக்கு நேரே போய் நிற்பாள். “பரவால்லன்னா? நேத்தைக்குப் பரவால்லயா, காலைக்குப் பரவால்லயா?”

போடியில் ஓர் ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு. அவள் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவள் இல்லை. நர்சிங் படிப்பின் கடைசி வருஷத்தில் பயிற்சிக்கு வந்துபோன பிள்ளைகளில் ஒருத்தி. ராசிங்காபுரத்திலிருந்து காலை டவுன் பஸ்சில் வருவாள். வெள்ளைக் கோட்டு அவளுக்கு ஒரு சுற்றுப் பெரிது. கைகளை மடித்து ஊக்கு குத்தியிருப்பாள். கேள்வி கேட்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொண்டே கேட்பதால், பாதிக் கேள்வி உதட்டுக்குள்ளும் மீதி வெளியிலுமாக வரும். கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளை ‘ன்னா’ என்றே கூப்பிட்டார்கள். “ஏ ன்னா, சாப்பிட வர்றியா?” “வர்றேன்.” “வர்றேன்னா? இப்பவா, எல்லாரும் கை கழுவுனதுக்கப்பறமா?” வராந்தாவே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே திரும்பி ஏதாவது ஒரு கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அவள் கேட்ட விதத்தில் அதட்டல் கிடையாது, கெட்டிக்காரத்தனம் காட்டுவது கிடையாது. பயம்தான் இருந்தது. ஒருமுறை நானே கேட்டுவிட்டேன், எதற்கம்மா இப்படித் துருவுகிறாய் என்று. “பயம்ணே. நீங்க ஒண்ணச் சொல்லி, நான் ஒண்ணப் புரிஞ்சுக்கிட்டு, அது மூணாவதா ஒண்ணா இருந்துச்சுன்னா?” அந்த ‘ன்னா’வுக்கு மட்டும் அவள் பதில் எதிர்பார்க்கவில்லை.

என் தம்பியை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த மத்தியானம்தான் அவளை முதலில் பார்த்தேன். தம்பி ஏலக்காடுகளில் மருந்தடிக்கப் போகிறவன். வாரத்தின் முதல் நாள் ஜீப்பில் ஏறினால் கடைசி நாள் இறங்குவான். அன்றைக்கு முதுகில் மாட்டிய பம்பு கசிந்து சட்டை, கைலி எல்லாம் நனைந்திருக்கிறது; எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. இந்த வரிசையை முடித்துவிட்டுக் கழற்றலாம் என்று நினைத்தான். வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை. மலையில் மூடுபனி, நனைந்த சட்டைக்கும் நனையாத சட்டைக்கும் அங்கே வித்தியாசம் தெரியாது. பிறகு வாந்தி. வாயெல்லாம் எச்சில், கண்ணெல்லாம் தண்ணீர், உடம்பெல்லாம் வேர்வை. மனிதன் தன் துவாரங்கள் வழியாகவெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தான். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

வார்டு சிஸ்டர், ஐம்பதைத் தொடும் வயதுக்காரர், தம்பியைக் கட்டிலில் போடும்போதே கேட்டார்: “மருந்து குடிச்சாரா?”

போடிப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். தம்பி பெண்டாட்டி பாண்டியம்மா கட்டில் கம்பியை அடித்துக்கொண்டு கத்தினாள். “எம் புருஷன் எதுக்கு மருந்து குடிக்கணும்? நான் என்ன கொற வச்சேன்?” அவளுடைய அப்பா, சிலமலையில் தோட்டம் வைத்திருப்பவர், முன்னால் வந்து கையை ஆட்டினார். “மருந்துங்கிற பேச்சே வேணாந்தாயி. போலீசு கேசுன்னு அலைய முடியாது. எங்காளு மருந்தக் கையாலயும் தொடல.”

“எந்த மருந்தையும் தொடல?” என்றார் சிஸ்டர்.

“எந்த மருந்தையும்.”

தட்டை ஏந்திக்கொண்டு ஓரமாக நின்ற பிள்ளையிடமிருந்து சத்தம் வந்தது. “மருந்துன்னா?”

எல்லோரும் திரும்பினோம். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“குடிக்கிற மருந்தாக்கா, அடிக்கிற மருந்தா?”

பாண்டியம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். என்ன கேள்வி இது என்பதுபோல. “அடிக்கிற மருந்துதான். அதுக்குத்தான மல ஏறுனாரு. ஏலத்துக்கு மருந்தடிக்கிறதுதான அவரு சோலி.”

அதற்குள் டாக்டர் வந்து தம்பியின் இமையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணின் பாப்பா கடுகாகச் சுருங்கியிருந்தது. “நானும் அதத்தான் நெனச்சேன். மேலுல பட்டதா, உள்ள போனதா, அது தெரியணும்” என்றார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஊசி, மறுபடி ஊசி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஊசி. உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டு, தலையோடு குளிப்பாட்டினார்கள். சாயங்காலத்துக்குள் எச்சில் காய்ந்தது, உதடு வறண்டது. தம்பி சிவந்த முகத்தோடு போர்வையைப் பிய்த்துக்கொண்டு சம்பந்தமில்லாமல் பேசினான். அது ஊசியின் வேலை, பயப்பட வேண்டாம் என்றார்கள். மருந்து என்ற ஒரே சொல்லில் இத்தனை வாசல்கள் இருந்ததும், நாங்கள் தப்பான வாசலைக் காத்துக்கொண்டு நின்றதும் அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே தம்பியின் கட்டிலுக்கு வந்தாள். சார்ட்டை எடுக்கவில்லை. முதலில் புறங்கையை அவன் கழுத்தில் வைத்தாள். எல்லாக் கட்டிலிலும் அவள் செய்வது அதுதான். தொட்டுவிட்டு, முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பாள். தாளை முதலில் படித்தால் தாளில் இருக்கிற ஆள்தான் கண்ணுக்குத் தெரிகிறார் என்பாள்.

“அண்ணே, ராத்திரி காஞ்ச வாய் இப்ப ஏன் மறுபடி ஊறுது?”

எனக்கு எப்படித் தெரியும்.

“நல்லாக் குளிப்பாட்டியாச்சா?”

“ஆச்சு ஆச்சு. ரெண்டு தடவ ஊத்தியாச்சு” என்றாள் பாண்டியம்மா.

“குளிப்பாட்டியாச்சுன்னா? எல்லாத்தையும் கழட்டிட்டா?”

 நர்சுப் பிள்ளை போர்வையை விலக்கினாள். தம்பியின் இடுப்பில் கறுப்பு அரணாக்கயிறு. தடித்த நூல், பல முடிச்சு, நடுவில் துணியில் பொதிந்த தாயத்து. குனிந்து முகர்ந்தாள். நானும் குனிந்தேன். மலையின் வாடை. ஏலக்காய் வாடையில்லை, டப்பாவைத் திறந்ததும் மூக்கை அறையுமே, அந்த வாடை. கயிற்றுக்கு அடியில் தோல் வளையமாகச் சிவந்திருந்தது. ஊறிய கயிறு தண்ணீரில் நனைந்து நனைந்து, குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக இடுப்புக்குள் கக்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, இத அறுக்கணும்.”

“அய்யய்யோ!” பாண்டியம்மா இரண்டு கைகளாலும் அவன் இடுப்பை மூடிக்கொண்டாள். “அரணாக்கயித்த அறுக்குறதா? என்ன பேச்சுப் பேசுற? உசுரோட இருக்குற மனுசனுக்கு?”

எங்கள் பக்கத்தில் புதுக்கயிறு கட்டிய பிறகுதான் பழையதை அறுப்பார்கள். ஓர் ஆணின் இடுப்பு வெறுமையாகிற நாள் ஒன்றுதான் உண்டு. அன்றைக்கு அவனைக் குளிப்பாட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். ஆஸ்பத்திரி ஆயாவுக்கும் அது தெரியும். அதனால்தான் முந்தின நாள் கயிற்றைச் சுற்றி, கயிற்றுக்கு மேலே, கயிற்றுக்குக் கீழே என்று சோப்புப் போட்டிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

“புதுக் கயிறு வாங்கியாரச் சொல்லுங்கண்ணே” என்றாள் என்னிடம். பாண்டியம்மாவின் அப்பா செருப்பைக்கூட மாட்டாமல் கடைத்தெருவுக்கு ஓடினார். கடைகள் திறக்காத நேரம். நாங்கள் காத்திருந்தோம். தம்பியின் கடைவாயில் எச்சில் நூலாக இறங்கியது. அவள் துடைத்தாள். மறுபடி இறங்கியது. மூச்சில் ஒரு கரகரப்பு ஏறியது. அவள் வாசலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி வாசலைப் பார்த்தாள். அவள் கடித்திருந்த உதட்டில் ரத்தம் வந்துவிடுமோ என்று நினைத்தேன்.

தம்பிதான் கண்ணைத் திறந்தான். நினைவு தெளிந்திருந்தது. “அறு தாயி” என்றான். “எரியுது.”

டிரேயிலிருந்த கத்திரியை எடுத்து அறுத்துவிட்டாள். கயிற்றை ஒரு பையில் போட்டுக் கட்டி, இடுப்பை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். பாண்டியம்மா கண்ணை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். மாமனார் புதுக்கயிற்றோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது தம்பியின் இடுப்பு வெறுமையாக இருந்தது. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் நின்ற நிலையை விவரிக்க என்னால் ஆகாது.

சிஸ்டர் அவளைத் தனியே கூப்பிட்டுத் திட்டினார். “அறுத்தது தப்பில்லடி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அறுத்தா என்ன? நாளைக்கு ஒண்ணுன்னா அவுக உன் கழுத்தத்தான் பிடிப்பாக.” டாக்டரும் வந்தார். ஊசியின் அளவைக் கூட்டினார். மத்தியானத்துக்குள் எச்சில் நின்றது. கயிற்றை எடுத்ததுதான் காரணம் என்று நான் அவளிடம் நன்றியோடு சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டாள். “ரெண்டும் ஒரே நேரத்துல நடந்துச்சுண்ணே. கயிறாலயா ஊசியாலயான்னு எப்படிச் சொல்றது? தெரியல.” தனக்கு வர வேண்டிய பெயரைக்கூட ஒரு ‘ன்னா’ போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள், அல்லது வாங்காமல் விடுவாள்.

ஆனால் எப்போதும் அவள் சரியாக இருந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் ஏலக்காய்க் கமிஷன் கடைக்காரர் ஒருவர், சர்க்கரைப் புண்ணுக்காகப் படுத்திருந்தார். அன்றைக்கு மத்தியானம் அவர் நெஞ்சைத் தேய்த்தபடி, “அடைக்குது பாப்பா” என்றார். “அடைக்குதுன்னா? அமுக்குதா, கரிக்குதா? தோளுக்குப் போகுதா?” அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். இவள் முகம் வெளிறி, சிஸ்டரை இழுத்துவந்து, டாக்டரை வரவழைத்து, ஈசிஜி எடுத்து, திரும்ப எடுத்து, கடைசியில் தலையணைக்குப் பின்னால் இருந்து கொத்துப் பரோட்டாப் பொட்டலம் அகப்பட்டது. வார்டே சிரிப்பில் உருண்டது. கடைக்காரர், “இந்தப் பிள்ள போலீசுக்குப் படிச்சிருக்கணும். பரோட்டாவுக்கே இந்த விசாரணன்னா கொலைகாரன் என்ன ஆவான்!” என்றார். சிஸ்டர் சிரிக்கவில்லை. “உன் ‘ன்னா’வால மூணு பேருக்கு வேல கெட்டுது” என்றார். அவள் அழுதுகொண்டே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். வந்ததும் கடைக்காரரிடம்தான் போனாள். “இப்பக் கரிக்குதா அப்பு?”

தம்பி தெளிந்துவிட்டான். கஞ்சி குடித்தான், உட்கார்ந்தான், அவளைக் கேலி செய்தான். அவளும் அவனிடம் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தாள். “அண்ணே, நீங்க ஜீப்புல போற வழில என்னென்ன ஊரு வரும்? மூச்ச நல்லா இழுத்துட்டு, ஒரே மூச்சுல சொல்லணும். நடுவுல மூச்சு வாங்குனா ஜீப்பு பஞ்சரு.”

தம்பி நெஞ்சை நிமிர்த்தினான். “முந்தல், போடிமெட்டு, தோண்டிமல, பூப்பாற, சாந்தம்பாற, உடும்பஞ்சோல…” நெடுங்கண்டத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான்.

“போதும்ணே, கேரளாவத் தாண்டிராதீங்க.”

“ஏம்மா, இதுவும் பரீட்சையா?”

“ஆமா. எனக்கு.”

அடுத்த தடவை தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொன்னாள். தூக்கினான். கண்ணைச் சிமிட்டினான். நான் விளையாட்டென்றே நினைத்தேன். வராந்தாவில் என்னிடம்தான் மெதுவாகச் சொன்னாள்: “இந்த மருந்து பட்டவங்களுக்கு முதல் கண்டம் தாண்டுன பெறகு, சில பேருக்கு ரெண்டாவதா ஒண்ணு வரும்ணே. கழுத்துல தொடங்கும். கை, தோளு, அப்பறம் மூச்சு. எல்லாருக்கும் வராது. வந்தா சத்தமில்லாம வரும். அதான் தலையத் தூக்கச் சொல்றேன்.”

“வராதுல்ல?”

 அவளிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

மறுநாள் காலை, வீட்டுக்குப் போகலாம் என்று பாண்டியம்மா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மாமனார் ஆட்டோ பேசப் போயிருந்தார். தம்பி படுத்தே கிடந்தான். கஞ்சியைக் குடிக்கும்போது லேசாகப் புரையேறியது. எழுந்திருக்க மனமில்லை என்றான். எத்தனை ஊசி, எத்தனை வாந்தி, உடம்பு விட்டுப்போயிருக்கும்தானே. ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்னால் அவள் வந்தாள்.

“எப்படி இருக்கார்க்கா?”

“நல்லாருக்காரு. கொஞ்சம் அசதி.”

“அசதின்னா?”

பாண்டியம்மாவுக்குச் சலித்துவிட்டது. “அசதின்னா அசதிதான்! மனுசனுக்கு அசதியே வரக்கூடாதா? உனக்கு வேற சோலியே இல்லயா?”

அவள் தம்பியின் அருகே குனிந்தாள். “அண்ணே, ஜீப்புல ஏறுங்க.”

தம்பி மூச்சை இழுத்தான். “முந்தல்… போடிமெட்டு…” அங்கே நின்றது. மறுபடி இழுத்தான். “முந்தல்…” குரல் மூக்கில் வந்தது. இந்தத் தடவை முந்தலையே தாண்டவில்லை. நேற்று மலையெல்லாம் சுற்றியவன் அடிவாரத்தில் நின்றுவிட்டான்.

“தலையத் தூக்குங்கண்ணே.”

தலை தலையணையிலேயே இருந்தது.

“தூக்குங்கண்ணே.”

“தூக்கிட்டேன்ல” என்றான் தம்பி.

சொல்லிவிட்டுச் சிரித்தான். தலை அசையவே இல்லை. தூக்கிவிட்டதாகவே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பாதி மூடிய இமைகளுக்குள்ளிருந்து எங்களைப் பார்த்தான், நாங்கள் ஏன் இப்படி விழிக்கிறோம் என்பதுபோல. பாண்டியம்மாவின் கையிலிருந்து மடித்த சட்டை விழுந்தது.

நர்சுப் பிள்ளை ஓடினாள். அதுவரை வேகமாக நடந்துதான் பார்த்திருக்கிறேன். சிஸ்டரின் மேசையில் அவள் கை போய் மோதிய சத்தம் இங்கே கேட்டது. “மறுபடியுமாடி?” என்றார் சிஸ்டர். “வந்து பாருங்க சிஸ்டர். திட்டுங்க, ஆனா வந்து பாத்துட்டுத் திட்டுங்க.” சிஸ்டர் எழுந்து வந்தார். தம்பியின் நெற்றியில் ஒரு விரலை வைத்துத் தூக்கச் சொன்னார். அவர் முகம் மாறியது. டாக்டர் வந்து, “மூச்சு நிக்கிறதுக்குள்ள மிஷின்ல போடணும். இப்பவே மதுரைக்குக் கெளம்புங்க. வெரசா” என்றார்.

ஸ்ட்ரெச்சரோடு ஆம்புலன்ஸ் வரை அவள் வந்தாள், குளுக்கோஸ் பாட்டிலை உயரே பிடித்தபடி. ஏறும் இடத்தில் பாண்டியம்மா திரும்பினாள். முந்தின நாட்களில் விழுங்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

“நீதான்டி. வெறும் இடுப்போட போட்டேல்ல எம் புருஷன. கயிறு வர்றதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்? அப்பப் போன காவல் இன்னும் திரும்பல பாரு. நீ நல்லாருப்பியா? உங்கையி வெளங்குமா?”

சுற்றிலும் கூட்டம். கூடப் படிக்கிற பிள்ளைகள் தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.  அவள் உயர்த்திய கையை இறக்கவில்லை. பாட்டிலை உள்ளே மாட்டுகிறவரை அப்படியே நின்றாள், அந்தக் கை விளங்காமல் போகும் என்று சொல்லக் கேட்டுக்கொண்டே.

மதுரையில் தம்பியின் தொண்டைக்குள் குழாயை இறக்கி மிஷினில் போட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே எங்கள் வாழ்க்கை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரிசையாகச் சுருங்கியது. காலையும் மாலையும் ஒரு ஆள் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம். பாண்டியம்மா போவாள், அழுதுகொண்டு வருவாள். “எப்படி இருக்கான்?” “அப்படியேதான் இருக்காரு மச்சான்.” டாக்டர்கள் நல்லவர்கள், நடந்துகொண்டே சொன்னார்கள்: இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல. நெஞ்சில் சளி கட்டியது என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், பிரஷர் இறங்குது என்றார்கள். ஒரு விடிகாலை இதயம் நின்று, திரும்ப ஓட வைத்ததாகச் சொன்னார்கள். இதயம் ஓடுகிறது என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். பிள்ளைகள் இரண்டும் சிலமலையில் அம்மாச்சி வீட்டில் இருந்தன. அப்பா பொழைச்சு வர்றப்ப பாத்துக்கட்டும், இந்தக் கோலத்துல பாக்க வேணாம் என்று பாண்டியம்மா சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் காலை பார்வை நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், மாடிப்படியில் அந்த நர்சுப் பிள்ளை ஏறி வந்தாள். யூனிபாரம் இல்லை, மங்கலான ஒரு சுடிதார். வெள்ளைக் கோட்டு இல்லாமல் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தாள். முதல் பஸ்சைப் பிடித்து, ஆரப்பாளையத்தில் இறங்கி விசாரித்து வந்திருக்கிறாள். என் பக்கம் வராமல் நேரே பாண்டியம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

“கயிறு வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்க்கா” என்றாள். “பொறுத்திருக்கக் கூடாதுன்னுதான் வருது. ஆனா உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நான் யோசிக்கல. அதச் சொல்லணும்னு வந்தேன்.”

பாண்டியம்மா அடிப்பாள் என்று நினைத்து நான் எழுந்தேன். அவள் வெறித்துப் பார்த்தாள். நாட்கணக்கில் தூங்காத கண்கள். கதவு திறந்து ஒருவர் கட்டில் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். பாண்டியம்மா எழுந்திருக்கவில்லை.

“நீ போ” என்றாள் அவளிடம். “நான் போனா அழுகதான் வருது. எனக்கு அவரப் பாக்கத் தெரியல. வயரும் குழாயுமாத்தான் தெரியுது. நீ பாத்துட்டு வந்து சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. முதலில் புறங்கை கழுத்தில். பிறகு குனிந்து காதில் ஏதோ சொன்னாள். தோளை அமுக்கினாள். காலைத் தொட்டாள், மேலே மேலே தொட்டு வந்தாள். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைப் பார்த்தாள். அங்கிருந்த சிஸ்டரிடம் ஏதோ கேட்டாள்.  நேரம் முடிந்துவிட்டது என்று கை காட்டும்வரை தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்து பாண்டியம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“சொல்லு.”

“கூப்பிட்டேன்க்கா. அமுக்கிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. கண்ணு பாப்பா விரிஞ்சிருக்கு, அது ஊசியாலயும் இருக்கும், அத வச்சு நான் சொல்லல. ஆனா மிஷின் குடுக்குற மூச்சு மட்டுந்தான், தானா ஒரு மூச்சுகூட எடுக்கல. பிரஷருக்குப் போற மருந்து இதுக்கு மேல கூட்ட முடியாதுங்கிறாங்க. யூரின் பை காலி. முழங்கால் வரைக்கும் சில்லுன்னு இருக்கு.” நிறுத்தினாள். “கை மட்டும் இன்னும் சூடா இருக்கு.”

எல்லாவற்றையும் எங்களுக்குப் புரிகிற சொற்களில் சொன்னாள். அத்தனை நாளும் யாரும் எங்களிடம் பேசவே இல்லையோ என்று தோன்றியது.

பாண்டியம்மா அவள் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். “பொழச்சிருவாருன்னு சொல்லுடி. பொய்யாச்சும் சொல்லு. நீ சொன்னா நான் நம்புவேன். உம் வாயாலதான் கேக்கணும். ஒரே ஒரு வார்த்த.”

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. தாரை தாரையாகக் கண்ணீர் வந்தது, சொல் வரவில்லை. பாண்டியம்மா அவள் நெஞ்சில் குத்தினாள், ஒரு தடவை, இன்னொரு தடவை. மூன்றாவதாக ஓங்கிய கை வழியிலேயே தளர்ந்து நின்றது. பிறகு அவள் துப்பட்டாவைப் பற்றிக்கொண்டது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

வெகுநேரம் கழித்துப் பாண்டியம்மா என் பக்கம் திரும்பினாள். குரலில் அழுகை இல்லை.

“மச்சான், பிள்ளைகளக் கூட்டியாரச் சொல்லுங்க. அப்பாகிட்டப் போனப் போட்டு, ஜீப்போ காரோ, இப்பவே கெளம்பச் சொல்லுங்க.”

நான் போன் செய்தேன். சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். ஒரு ஆள்தான் போகலாம் என்ற விதியை நர்சுப் பிள்ளை உள்ளே போய் எப்படிப் பேசி வளைத்தாள் என்று எனக்குத் தெரியாது, கதவு திறந்தது. பெரியவள் பயந்து பின்வாங்கினாள். சின்னவள்தான் கட்டிலருகே போய் முதலில் தொட்டாள். அவனுடைய கை இன்னும் சூடாக இருந்தது.